மேனேஜரைப் புகழ்ந்த மர்ம ஆசாமி

அத்தியாயம் 4

ஒருவரை வேலையை விட்டுத் தூக்க நினைப்பவர்கள் அவரைப் பற்றி மொட்டைக் கடிதாசி போடுவார்கள். திருடுகிறார், குடிக்கிறார், மேஜையில் தலைவைத்துத் தூங்குகிறார் என்று அதில் இருக்கும். எங்கள் கட்சிக்காரரைப் பற்றி வந்த மொட்டைக் கடிதாசிகளில் அவர் சொக்கத் தங்கம் என்றும், அவரைப் போல ஒரு மால் மேனேஜர் இனிமேல் பிறந்துதான் வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. மொத்தம் நாற்பத்தொன்று. அதனாலேயே அவருக்கு வேலை போகும் நிலைமை வந்துவிட்டது.

"எங்க கம்பெனிக்கு பதினாலு மால் இருக்கு மேடம். பத்து வருஷத்துல எல்லா மாலுக்கும் சேர்த்து வந்த பாராட்டுக் கடிதம் ரெண்டே ரெண்டு," என்றார் மேனேஜர். "அதுல ஒண்ணு விலாசம் மாறி வந்தது. எனக்கு மட்டும் நாலு மாசத்துல நாற்பத்தொண்ணுன்னா யார் நம்புவாங்க? நானே எழுதிப் போட்டுக்கிட்டேன்னு ஹெட் ஆபீஸ்ல முடிவே பண்ணிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு விசாரணை."

சுவர்க் கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது. மாலின் மூன்றாவது மாடியில், துணிக்கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் 'அலுவலர்கள் மட்டும்' என்று எழுதிய கதவுக்குப் பின்னால் இருந்தது அவருடைய அறை. ஜன்னல் கிடையாது. அதற்குப் பதிலாகச் சுவர் முழுக்கக் கேமரா திரைகள். மூலையில் யாரோ மறந்துவிட்டுப் போன குடைகளும், குழந்தைகளின் ஒற்றைச் செருப்புகளும் குவிந்திருந்தன. மேஜை மேல் ஒரு வாக்கி டாக்கி நிமிடத்துக்கு ஒரு தரம் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தது.

என் எதிரில் உட்கார்ந்து கடிதங்களின் நகலைப் புரட்டிக்கொண்டிருந்தவள் அக்கா. என் பெரியம்மா மகள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பதினாறு வருஷம் பொய்யான விபத்துகளை மோப்பம் பிடித்தாள். பிறகு சலவைக் கடைக்கு மேலே ரெண்டு அறை எடுத்துத் துப்பறியும் நிறுவனம் தொடங்கினாள். நான் அதன் உதவியாளர். பைலைத் தூக்குவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் என் பொறுப்பு. முதலாவதைச் சரியாகச் செய்வேன்.

"உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க," என்றாள் அக்கா.

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கட்டடம் திறந்த அன்னைக்கு பேஸ்மென்ட்ல வண்டிக்கு டோக்கன் கிழிச்சுக் குடுத்தேன். பத்தொன்பது வயசு. அப்புறம் செக்யூரிட்டி. அப்புறம் காணாமப் போன பொருள் கவுன்ட்டர். தபால்ல டிகிரி படிச்சேன், அந்தக் கவுன்ட்டர்லயே. அப்புறம் தரைத் தளத்துக்குப் பொறுப்பாளர், உதவி மேனேஜர். மேனேஜராகி ஒன்பது வருஷம் ஆச்சு."

"ஆக, பேஸ்மென்ட்லேருந்து மூணாவது மாடிக்கு வர பதினேழு வருஷம்," என்றேன். "எஸ்கலேட்டர்ல வந்திருந்தா சீக்கிரமா வந்திருக்கலாம்."

"எஸ்கலேட்டர் பாதி நாள் ஓடாது சார்," என்றார் அவர், சிரிக்காமல்.

"அடுத்த பதவி என்ன?"

"மண்டல மேனேஜர். மூணு தடவை..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். "அது வரும் மேடம். வரும்போது வரும்."

"யார் மேலயாவது சந்தேகம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் உதவி மேனேஜர். அவனுக்கு இந்த நாற்காலி மேல கண்ணு. திட்டி எழுதினா யாரும் கண்டுக்க மாட்டாங்க. புகழ்ந்து எழுதினா நான் மாட்டிப்பேன்னு அவனுக்குத் தெரியும். படிச்சவன்."

ஜன்னலில்லாத அறையை அடைவதற்காக ஒருவன் நாற்பத்தொரு தடவை தபால் பெட்டிக்கு நடந்திருப்பான் என்று நம்புவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் நாற்காலி ஆசை என்னென்னவோ செய்யும். நான் வாயை மூடிக்கொண்டேன், அரை நிமிடம்.

எல்லாம் டைப் அடித்த கடிதங்கள். கீழே பெயர் இல்லை. 'மூன்று பிள்ளைகளின் தாய்', 'ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்', 'நன்றி மறவாத சர்க்கரை நோயாளி' என்று விதவிதமாக முடிந்திருந்தன. கணக்கு ஆசிரியர் ஒன்று, இரண்டு என்று எண் போட்டுப் புகழ்ந்திருந்தார். தாய் மூச்சுவிடாமல் புகழ்ந்திருந்தாள். சர்க்கரை நோயாளி இடையிடையே உட்கார இடம் தேடினார். எழுதியவன் லேசுப்பட்ட ஆள் இல்லை.

"இதுல என்ன இல்லைன்னு பாருடா," என்றாள் அக்கா.

"உண்மை."

"அதைவிட முக்கியமான ஒண்ணு. பார்க்கிங். மாலுக்கு வந்துட்டுப் போன எவனாவது மூணாவது வரியில பார்க்கிங்கைத் திட்டாம இருந்திருக்கானா? நாற்பத்தொரு பேர்ல ஒருத்தருக்குக்கூட வண்டி நிறுத்த இடம் தேடின ஞாபகமே இல்ல."

"நடந்து வந்திருப்பாங்க. நன்றி மறவாத கால்கள்."

"இன்னொண்ணு. 'ஆங்கர் கடைக்கு எதிரே வழுக்காமல் தரையைப் பராமரிக்கிறார்'னு எழுதியிருக்கு. ஆங்கர் கடைன்னா என்ன சார்?"

"மாலுக்குக் கூட்டம் கூட்டற பெரிய கடை மேடம்," என்றார் மேனேஜர். "நாங்கதான் அப்படிச் சொல்லுவோம். சனங்க பெரிய கடைன்னுதான் சொல்லுவாங்க."

"மூணு பிள்ளைகளோட அம்மா ஆங்கர் கடைன்னு சொல்றாங்க." அக்கா எழுந்தாள். "வாடா, உதவி மேனேஜரைப் பார்ப்போம்."

உதவி மேனேஜர் நடுக் கூடத்தில், விளம்பரத்துக்கான ஆள் உயர அட்டைக் கடிகாரம் ஒன்றைக் கயிற்றில் ஏற்றுவதை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். டை கட்டியிருந்தார். டை ஓடிப்போய்விடாமல் அதற்கு ஒரு கிளிப்பும் போட்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"நான் அவரைப் புகழ்ந்தேனா? மேடம், நாலு மாசத்துல அவர் மேல பதினொரு புகார் அனுப்பியிருக்கேன். மொட்டையா இல்ல. என் பேர், பதவி, கையெழுத்து எல்லாம் போட்டு."

"பதில் வந்துச்சா?"

"'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு பதினொரு பதில் வந்துச்சு." போனில் வரிசையாகக் காட்டினார். "இதைப் பாருங்க, போன மாசம் பதினாலாம் தேதி. காலை பதினொரு மணிக்கு ஏசி நின்னுபோச்சு. கடை அடைக்கிறவரைக்கும் வரல. சென்ட் கடைப் பொண்ணு மயங்கி விழுந்துட்டா. ஐஸ்க்ரீம் கடைக்காரர் கிளாஸ்ல ஊத்திக் குடுத்தார்."

"மேனேஜர் அப்ப எங்க இருந்தார்?"

"மொட்டை மாடியில மெக்கானிக்கோட. ஏழு மணி நேரம் வெயில்ல நின்னார். அதையும் எழுதியிருக்கேன். 'மேனேஜர் தன் இருக்கையில் இல்லை.'"

"எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிக்கற ஆள் நீங்க," என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அக்கா நடந்துகொண்டே கடிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவினாள். இருபத்தெட்டாவது கடிதம். 'பதினான்காம் தேதி மதியம் தங்கள் மாலுக்குள் நுழைந்ததும் மலைவாசஸ்தலத்துக்கு வந்துவிட்டேனோ என்று ஐயுற்றேன். அத்தனை குளிர்ச்சி.' அடுத்து முப்பதாவது. எஸ்கலேட்டர் நின்றுபோனபோது மேனேஜர் பத்தே நிமிடத்தில் சரிசெய்துவிட்டாராம். உதவி மேனேஜரின் புகாரிலோ ஒன்பது நாள் என்று இருந்தது. முப்பத்து மூன்றாவது இன்னும் அழகு. 'உதவி மேனேஜர் இவரைத் தந்தை ஸ்தானத்தில் வைத்துப் போற்றுவது கண்கொள்ளாக் காட்சி.'

அந்தக் காட்சியைத் திரும்பிப் பார்த்தேன். அது கயிறு இழுப்பவர்களை அதட்டிக்கொண்டிருந்தது.

"எழுதின ஆளுக்கு மாலோட பாஷை தெரியுது," என்றாள் அக்கா. "ஆனா மாலைத் தெரியல. இங்க வேலை செய்யற யாரும் பதினாலாம் தேதி குளிர்ந்துச்சுன்னு எழுத மாட்டாங்க. வெளியாள் யாரும் ஆங்கர் கடைன்னு எழுத மாட்டாங்க."

"அப்ப உள்ளயும் இல்லாம வெளியவும் இல்லாம ஒருத்தர். கதவுல மாட்டிக்கிட்டவரா?"

அவள் முப்பத்தாறாவது கடிதத்தை நீட்டினாள். அதன் கடைசி வரி: 'மேனேஜர் மதியம் சரியாக ஒரு மணிக்கு உணவருந்தச் செல்வதைக் கண்டு என் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டேன்.'

"மேனேஜர் எப்ப சாப்பிடுறார்னு எந்தக் கஸ்டமருக்குடா கவலை?"

திரும்ப மூன்றாவது மாடிக்குப் போனோம். எஸ்கலேட்டர் ஓடவில்லை. படியேறினோம்.

"சார், மதியம் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள் அக்கா, மூச்சு வாங்க.

"நாலு, நாலரை ஆகும். நின்னுக்கிட்டே ரெண்டு வாய்."

"ஒரு மணிக்குச் சாப்பிடறேன்னு யார்கிட்டயாவது சொல்லுவீங்களா?"

மேனேஜர் வாக்கி டாக்கியைத் திருப்பித் திருப்பி வைத்தார். "வீட்ல கேப்பாங்க," என்றார் கடைசியில். "சொல்லுவேன்."

"ஏசி நல்லா ஓடுச்சுன்னும் சொல்லுவீங்க. எஸ்கலேட்டர் பத்து நிமிஷத்துல சரியாச்சுன்னும் சொல்லுவீங்க."

"வீட்டுக்குப் போய் ஏன் மேடம் இதையெல்லாம் அழுதுகிட்டு..."

"வீட்டம்மா என்ன பண்றாங்க?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிர்ல சின்னதா ஒரு கடை. மனு, விண்ணப்பம் எல்லாம் டைப் பண்ணிக் குடுப்பா."

நான் பைலை மூடினேன். அவருக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தார். "நீங்க வராதீங்க," என்று சொல்லி அக்கா அவரை உட்கார வைத்தாள்.

ரிஜிஸ்டர் ஆபீஸ் எதிரில் இருந்த அந்தக் கடை எட்டுக்கு எட்டு அறை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. நாங்கள் போனபோது கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண் ஓர் இளைஞனுக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்னு போன மாசம்தானே போட்டோம். இந்தத் தடவை முதுகுவலி. ஆபீஸ் உள்ள நுழையும்போதே லேசா குனிஞ்சு போங்க," என்று சொல்லித் தாளைக் கொடுத்து அனுப்பினாள். பிறகு என் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பதற்றம் என்பது பக்கத்துக் கடையில் விற்கும் பொருள் என்பது போல உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனாவதுல மாட்டினேன்?"

"முப்பத்தாறு," என்றாள் அக்கா. "ஒரு மணிச் சாப்பாடு."

"வேண்டாம்னுதான் நினைச்சேன். கை கேக்கல."

அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, குற்றவாளியிடம் கனிவாகப் பேசும் தன் பிரத்யேகக் குரலை எடுத்தாள். "புரியுதும்மா. அவர் வீட்டுக்கு வந்து எல்லாம் ஜோரா நடக்குதுன்னு சொல்லியிருக்கார். நீங்களும் அதையெல்லாம் நம்பி..."

"நம்பியா?"

அந்த ஒரு வார்த்தையில் அக்காவின் கனிவு நின்றுபோனது.

"இருபது வருஷமா அடுத்தவங்க மனு எழுதறேன். ரெண்டாவது வரியிலயே பொய் தெரிஞ்சுடும் எனக்கு. பதினாலாம் தேதி ஏசி குளுகுளுன்னு இருந்துச்சுன்னார். சட்டையைப் பிழிஞ்சா ஒரு பக்கெட் தண்ணி. காலர்ல கிரீஸ். துவைச்சது நான்தானே. சாப்பாட்டு டப்பா பாதி மிச்சத்தோட வரும், ஒரு மணிக்கே சாப்பிட்டேன்பார். உதவி மேனேஜர் தங்கமான பையன்பார், ராத்திரி தூக்கத்துல அவனைத்தான் திட்டுவார்."

அக்காவின் முகத்தில் அப்படியோர் அசட்டுக்களையை நான் பார்த்ததே இல்லை. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளாதது என் தப்பு.

"அப்புறம் ஏங்க பொய்னு தெரிஞ்சே எழுதினீங்க?" என்றேன். "மண்டல மேனேஜரானா ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பார்ங்கிற ஆசையா?"

"ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தா சமையல் ரூம் டப்பாவையெல்லாம் தளம் வாரியா அடுக்குவார்." அவள் கீபோர்டைத் தள்ளி வைத்தாள். "மூணு தடவை அந்தப் பதவி வந்துச்சாம். மூணு தடவையும் வேணாம்னு சொல்லிட்டாராம். அப்படித்தான் என்கிட்ட சொன்னார். சொன்ன மூணு நாளும் சாப்பிடாமப் படுத்தார். குடுக்கவே இல்லைன்னு தெரியாதா எனக்கு? இத்தனை வருஷமா எனக்காக எத்தனையோ பொய் சொல்லியிருக்கார். அதுல ஒண்ணையாவது நிஜமாக்கிடலாம்னு பார்த்தேன்."

"உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கலாமே," என்றாள் அக்கா. "ஏழு மணி நேரம் வெயில்ல நின்னார்னு."

"ஆபீசுக்குப் போடற மனுவுல யாராவது உள்ளதை எழுதுவாங்களா மேடம்? அவங்க படிக்க ஆசைப்படறதைத்தான் எழுதணும்."

"அவங்க ஆசைப்படல. சாயங்காலம் விசாரணை. அவரே எழுதினதா முடிவு கட்டியிருக்காங்க. வேலை போகப் போகுது."

அவள் முகம் அப்போதுதான் மாறியது. "பாராட்டு விழான்னு சொன்னாரே," என்றாள். "ஹெட் ஆபீஸ்லேருந்து பாராட்ட வர்றாங்கன்னு சொல்லிட்டு, புதுச் சட்டை போட்டுக்கிட்டுப் போனார்."

பிரின்டர் எதையோ முணுமுணுத்தது. அவள் அதை அணைத்தாள், பிறகு விளக்கை அணைத்தாள்.

"நான் வந்து சொன்னா வேலை நிலைக்குமா?"

"நிலைக்கலாம். ஆனா அவர் சொன்னதெல்லாம் பொய்னு உங்களுக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரிஞ்சுபோகும்."

"அதை நான் பார்த்துக்கறேன்," என்று ஷட்டரை இழுத்தாள்.

விசாரணை அதிகாரி ஒல்லியானவர். சிரிப்பை ஊரிலேயே பத்திரமாக வைத்துவிட்டு வந்தவர். மேனேஜரின் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் எதிரில் நின்றார். உதவி மேனேஜர் ஓரமாக நோட்டுப் புத்தகத்தோடு நின்றார், பன்னிரண்டாவது புகாருக்குக் குறிப்பு எடுக்கும் பாவனையில். நாங்கள் கதவருகில்.

"இந்த நாற்பத்தொண்ணையும் நீங்கதானே எழுதினீங்க?"

"இல்ல சார்."

"பின்னே யார்?"

மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நின்றார். வாய் திறக்காமலே வேலையை விட்டுவிடுவார் என்று எனக்குத் தோன்றியபோது, அவர் மனைவி எங்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நான்தாங்க. இவரோட வீட்டுக்காரி." கடையில் பார்த்த பெண்ணைக் காணவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு வேறொருத்தி நின்றாள். "எல்லாம் நல்லா நடக்குதுன்னு இவர் வீட்ல சொல்லுவாருங்க. நான் அப்படியே நம்பிட்டேன். நாலு பேருக்குத் தெரியட்டும்னு எழுதிட்டேன். இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நாற்பத்தொரு பேராக எழுதியவளுக்கு நாற்பத்திரண்டாவது வேஷம் சிரமமாக இல்லை.

அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கினார். "டைப் பண்ணத் தெரிஞ்ச பொம்பள. பதினாலாம் தேதி இங்க மலைப்பிரதேசம் மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா நம்பிடுவீங்களா? இவ்வளவு மண்டா நீங்க?"

"ஆமாங்க," என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மேனேஜரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக அவரை யார் யாரோ திட்டியிருப்பார்கள். பார்க்கிங்குக்காகவே தினம் நாற்பது பேர். அதெல்லாம் அவர் மேல் பட்டு வழிந்து போயிருக்கும். இது அப்படிப் போகவில்லை.

"அவ மண்டு இல்ல சார்," என்றார். வாக்கி டாக்கி அலறியது. அதை அணைத்துவிட்டுத் தொடர்ந்தார். "நான்தான் பொய் சொன்னேன். பதினாலாம் தேதி ஏசி ஓடல. புது கம்ப்ரஸர் வேணும்னு ரெண்டு வருஷமா உங்களுக்கு எழுதறேன், பதில் இல்ல. எஸ்கலேட்டர் ஒன்பது நாள் நின்னுச்சு. இன்னைக்கும் நிக்குது. இந்தத் தம்பி என்னை மதிக்கல, புகார்தான் எழுதறான், அதுல இருக்கறது பூரா உண்மை. மண்டல மேனேஜர் பதவிக்கு மூணு தடவை விண்ணப்பம் போட்டேன். மூணு தடவையும் கூப்பிட்டுக்கூடப் பேசல. வீட்ல போய் நான்தான் வேணாம்னேன்னு சொன்னேன். அவளைத் திட்டாதீங்க. என்னை என்ன வேணா பண்ணிக்குங்க."

அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இப்படியொரு வாசகத்தை அவள் எந்த மனுவிலும் எழுதியிருக்க மாட்டாள்.

அதிகாரி கடிதக் கட்டைத் தட்டி அடுக்கினார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இந்த மாசம் ஒன்பது மால் பார்த்துட்டேன். ஒன்பது மேனேஜரும் ஏசி பிரமாதமா ஓடுதுன்னாங்க. ஒருத்தர் அட்டையை எடுத்து எனக்கு விசிறிக்கிட்டே சொன்னார்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "குடும்பத்தார் கடிதம் போடாமப் பார்த்துக்கச் சொல்லி ஒரு எச்சரிக்கை வரும். வாங்கி வச்சுக்குங்க. வேலையைப் பாருங்க. கம்ப்ரஸருக்கு இன்னொரு தரம் எழுதுங்க, என் பேருக்கு."

மேனேஜர் தலையசைத்தார்.

"இன்னொரு விஷயம்," என்று அதிகாரி உதவி மேனேஜர் பக்கம் திரும்பினார். "பதினொரு புகார் அனுப்பினது நீங்கதானே? பேர் போட்டு, தேதி போட்டு. எங்க கம்பெனியிலேயே கண்ணைத் திறந்து வச்சிருக்கிற ஆள் நீங்க ஒருத்தர்தான் போலிருக்கு. மண்டல மேனேஜர் இடத்துக்கு உங்களைத்தான் சிபாரிசு பண்ணப் போறேன்."

உதவி மேனேஜர் வாயைப் பிளந்தார். "சார், நான் இந்த மாலைத்தான்..."

"பதினாலு மால். பதினாலு ஏசி. அடுத்த மாசம் சேர்ந்துடுங்க."

டை கிளிப் இருந்தும் அவரைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நாங்கள் நாலு பேரும் படியிறங்கினோம். நடுக் கூடத்துக்கு வந்ததும் மேனேஜர் மனைவியின் பக்கம் பார்க்காமலே சொன்னார், "மன்னிச்சுக்க. இத்தனை வருஷமா உன்னை ஏமாத்திட்டேன்."

"என்னையா? கல்யாணம் ஆன மூணாவது வாரமே கண்டுபிடிச்சுட்டேன்."

அவர் நின்றுவிட்டார். அவருடைய மூளையில் எத்தனை மாலைப் பொழுதுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. காதெல்லாம் சிவந்துபோனது.

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசித்தார். "ஒரு பிரச்சினையும் இல்லைன்னுதான்."

"அதான் கேக்கல." அங்கே இருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள். "இப்ப கேக்கறேன். முதல் நாள்லேருந்து சொல்லுங்க. நல்லா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லக் கூடாது."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். மாலில் எதுவோ எங்கோ பழுதாகிக்கொண்டுதான் இருந்திருக்கும். உட்கார்ந்தார்.

இந்த வழக்கில் மேற்கொண்டு துப்பறிய ஒன்றும் இல்லாததால், அக்கா எதிரில் இருந்த கைப்பைக் கடைக்குள் புகுந்து ஒரு மணி நேரம் எல்லாப் பைகளையும் திறந்து பார்த்தாள், ஒன்றும் வாங்கவில்லை. வெளியே வந்தபோது அவர்கள் அதே பெஞ்சில் இருந்தார்கள். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். மேனேஜர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சத்தம் போடாமல் அவர்களைக் கடந்தோம். அப்போது அவர் மூன்றாவது வருஷத்துக்குத்தான் வந்திருந்தார்.